சில சேர்க்கைகளைச் செய்யவே முடியாது என்றால் சோதனையை எப்படித் திட்டமிடுவது? – மாங்கூழ்ப் பதப்படுத்தல்

கேள்வி: கூழாலைத் தரக்கட்டுப்பாடு, காவேரிப்பட்டணம்

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு மாங்கூழ் ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரிகிறேன். பெங்களூரா மாம்பழக் கூழை நீராவிக் கெட்டிலில் சூடாக்கிப் பதப்படுத்தும்போது, கூழின் மஞ்சள் நிறம் குறையாமலும் நுண்ணுயிர் எண்ணிக்கை எல்லைக்குள் இருக்கும்படியும் எந்த அமைப்பு சிறந்தது என்று இந்தப் பருவத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டும் என்று நிர்வாகம் கேட்டிருக்கிறது. பழ வரத்து இருக்கும் சில வாரங்கள்தான் எனக்கு அவகாசம். வழக்கமான உற்பத்திக்கு இடையில் 20 பேட்ச் வரை சோதனைக்கு ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மூன்று காரணிகளை எடுத்திருக்கிறேன். வெப்பநிலை 80, 88, 96 டிகிரி செல்சியஸ். அந்த வெப்பநிலையில் கூழை வைத்திருக்கும் நேரம் 2.5, 5, 10 நிமிடம். சிட்ரிக் அமிலம் சேர்த்துச் சரிசெய்யும் பிஎச் அளவு 3.6, 3.9, 4.2. கல்லூரியில் படித்த நினைவில், மூன்று நிலைக் காரணிகளை ஒன்பதே சோதனைகளில் ஆராயும் டகுச்சி முறையின் எல்9 அட்டவணையை எடுத்து, மூன்று காரணிகளையும் முதல் மூன்று நெடுவரிசைகளில் வரிசையாக நிரப்பினேன். அதன் பிறகுதான் சிக்கல் தெரிந்தது. 80 டிகிரியில் 2.5 நிமிடம் என்பது நுண்ணுயிர்ப் பாதுகாப்புக்குப் போதாது என்று எங்கள் ஆய்வகப் பொறுப்பாளர் மறுக்கிறார். 96 டிகிரியில் 10 நிமிடம் வைத்தால் கூழ் கெட்டில் சுவரில் பழுப்பாகப் பிடித்துக்கொள்கிறது. பிஎச் 4.2 ஆக இருக்கும்போது 80 டிகிரியில் எந்த நேரமும் கூடாது என்பது மூன்றாவது தடை. இந்தத் தடைகளால் எல்9 அட்டவணையின் ஒன்பது வரிசைகளில் முதலாவது, மூன்றாவது, ஒன்பதாவது வரிசைகள் அடிபட்டுப் போகின்றன.

அந்த மூன்றையும் விட்டுவிட்டு மீதி ஆறு வரிசைகளை மட்டும் செய்தால் போதுமா? அல்லது செய்ய முடியாத வரிசைகளை அருகில் இருக்கும் அமைப்புக்கு நகர்த்தி, எடுத்துக்காட்டாக 80 டிகிரி 2.5 நிமிடத்துக்குப் பதில் 80 டிகிரி 4 நிமிடம் என்று வைத்து, வழக்கம்போல நிலைச் சராசரிகளை (ஒவ்வொரு நிலையிலும் செய்த பேட்ச்களின் சராசரிகளை) கணக்கிடலாமா? பாக்ஸ்-பென்கன் திட்டம் மூலைகளைத் தொடாது என்று எங்கோ படித்தேன். அது இதற்கு உதவுமா? விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: புள்ளியியல் ஆசிரியர், தருமபுரி

வணக்கம் சகோதரி. கேள்வியைத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள்; தடைகளை முதலிலேயே எண்ணிக்கையோடு சொன்னதால் பதிலும் திட்டவட்டமாக இருக்க முடியும்.

மூன்று வரிசைகளை விட்டுவிடுவது பற்றி முதலில் சொல்கிறேன். எல்9 போன்ற அட்டவணைகள் செங்குத்து அணிகள் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தக் குடும்பத்தின் அடிப்படைக் கோட்பாட்டை 1947இல் எழுதியவர் நம் நாட்டின் சி. ஆர். ராவ். எந்த இரண்டு நெடுவரிசைகளை எடுத்தாலும் ஒன்பது நிலை இணைகளும் தலா ஒரு முறை வந்தாக வேண்டும் என்பதுதான் அந்த அணியின் உயிர்நாடி. ஆகவே, இரண்டு காரணிகளின் ஏதோ ஓர் இணையை நீங்கள் தடைசெய்த மாத்திரத்தில், எல்9 அட்டவணையில் ஒரு வரிசையாவது அடிபடாமல் இருக்க வழியே இல்லை. இது நீங்கள் நிரப்பிய விதத்தின் குறை அன்று. அணிக்கும் தடைக்கும் இயல்பிலேயே ஒத்துப்போகாது.

மிஞ்சும் ஆறு வரிசைகளைப் பாருங்கள். 80 டிகிரி ஒரே ஒரு முறை வருகிறது, 88 மூன்று முறை, 96 இரண்டு முறை. மூன்று நிலைகள் கொண்ட மூன்று காரணிகளின் தனி விளைவுகளை மட்டும் கணக்கிடுவதானாலும் பொதுச் சராசரியோடு சேர்த்து ஏழு கெழுக்கள், அதாவது சமன்பாட்டில் கண்டுபிடிக்க வேண்டிய ஏழு எண்கள், தேவை. ஆறு அளவீடுகளை வைத்து ஏழு கெழுக்களைக் கண்டுபிடிக்க எந்த மென்பொருளாலும் முடியாது. பிஎச் காரணியை அட்டவணையின் நான்காவது நெடுவரிசைக்கு மாற்றி, அதன் நிலைகளையும் மாற்றிப் பெயரிட்டு, 80-2.5 என்ற தடையும் 80-4.2 என்ற தடையும் ஒரே வரிசையில் விழும்படி செய்தால் இரண்டு வரிசைகள் மட்டுமே போகும். அப்போது ஏழு வரிசைகள், ஏழு கெழுக்கள். கணக்கு வரும், ஆனால் பிழையை மதிப்பிட ஒன்றுமே மிஞ்சாது. எந்த விளைவு உண்மையானது, எது தற்செயல் என்று சொல்ல வழி இருக்காது. உங்களிடம் 20 பேட்ச் இருக்கும்போது இந்த அளவுக்கு நெருக்கிக்கொள்ள வேண்டிய கட்டாயமே இல்லை.

வரிசையை அருகில் நகர்த்துவது அவ்வளவு மோசமான வழி அன்று, ஒரு நிபந்தனையோடு. நகர்த்திய பிறகு நிலைச் சராசரி அட்டவணை செல்லாது. 4 நிமிடம் வைத்ததை 2.5 நிமிட நிலையின் கணக்கில் சேர்த்துச் சராசரி எடுத்தால், நேரத்தின் விளைவு குறைத்தே காட்டப்படும். உண்மையில் எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், எவ்வளவு பிஎச் இருந்ததோ அந்த எண்களையே வைத்துப் பின்னடைவுச் சமன்பாடு (காரணிகளிலிருந்து விளைவைக் கணிக்கும் சமன்பாடு) பொருத்துங்கள். அப்படிச் செய்தால் நகர்த்தியது பாதகம் இல்லை.

பாக்ஸ்-பென்கன் பற்றி: 1960இல் வெளியான அந்தத் திட்டம் மூன்று காரணிகளுக்குக் கனசதுரத்தின் பன்னிரண்டு விளிம்புகளின் நடுப்புள்ளிகளையும் மையத்தையும் எடுத்துக்கொள்கிறது, எட்டு மூலைகளையும் தொடுவதில்லை. ஒரே நேரத்தில் மூன்று காரணிகளும் உச்சத்துக்குப் போவதுதான் ஆபத்து என்றால் அது அருமையான தேர்வு. உங்கள் தடைகளோ இரண்டிரண்டு காரணிகளுக்கு இடையிலானவை. அவை மூலையை மட்டும் அன்றி விளிம்பையே வெட்டுகின்றன. பன்னிரண்டு விளிம்புப் புள்ளிகளில் மூன்று, அதாவது 80-2.5-3.9, 96-10-3.9, 80-5-4.2 ஆகியவை, உங்கள் தடைக்குள் விழுகின்றன. மிஞ்சும் ஒன்பதும் மையமும் சேர்ந்து பத்து வேறுபட்ட புள்ளிகள். மூன்று காரணி இருபடிச் சமன்பாட்டுக்குப் பத்து கெழுக்கள். மாதிரி பொருந்துகிறதா என்று சோதிக்க ஒரு புள்ளிகூட மிஞ்சாது.

இனி வழியைச் சொல்கிறேன். 27 சேர்க்கைகளில் எது செய்யத்தக்கது என்று முதலில் எண்ணுவோம். பிஎச் 3.6இல் ஏழு, 3.9இல் ஏழு, 4.2இல் ஐந்து; மொத்தம் 19. இந்த 19ஐயும் வேட்பாளர் பட்டியலாக வைத்து, இருபடிச் சமன்பாட்டின் கெழுக்கள் மிகத் துல்லியமாகக் கிடைக்கும்படி இத்தனை பேட்ச்களைத் தேர்ந்தெடு என்று கணினியிடம் கேட்பதே உகப்புத் திட்டமிடல். டி-உகப்பு என்பது கெழுக்களின் கூட்டுத் துல்லியத்தைப் பார்க்கும். ஐ-உகப்பு என்பது செய்யத்தக்க பரப்பு முழுவதிலும் கணிப்பின் சராசரிப் பிழையைக் குறைக்கும். உங்கள் நோக்கம் சிறந்த அமைப்பைக் கணிப்பது என்பதால் ஐ-உகப்பையே நான் பரிந்துரைப்பேன். ஆர் மென்பொருளில் ஆல்க்டிசைன் என்ற இலவசத் தொகுப்பு வேட்பாளர் பட்டியலை வாங்கிக்கொண்டு இரண்டையும் செய்கிறது. செங்குத்து அணிகளுக்குள் தடையைத் திணிப்பதைவிட, தடையை முதலில் வரைந்து அதற்குள் புள்ளிகளைத் தேடுவது என்ற இந்த எண்ணத்துக்கு வலுவான கணித அடித்தளம் 1950களின் இறுதியில் கீஃபர், வுல்ஃபோவிட்ஸ் ஆகியோரிடமிருந்து வந்தது. கணினியில் புள்ளிகளை மாற்றி மாற்றித் தேடும் முறைகள் 1970களில் வந்தன.

தடை இருந்தால் கொடுக்க வேண்டிய விலையையும் தெரிந்துகொள்வது நல்லது. வெப்பநிலையையும் நேரத்தையும் மட்டும் எடுத்து, நிலைகளுக்கு −1, 0, +1 என்று குறியிடுங்கள். ஒன்பது புள்ளிகளில் இரண்டு எதிரெதிர் மூலைகள் போய் ஏழு மிஞ்சுகின்றன. அந்த ஏழில் வெப்பநிலைக் குறிகளின் வர்க்கங்களைக் கூட்டினால் 4, நேரத்துக்கும் 4, இரண்டையும் பெருக்கிக் கூட்டினால் −2. ஆகவே இரண்டுக்கும் இடையே ஒட்டுறவு, அதாவது இரண்டும் சேர்ந்து மாறும் அளவு, −0.5. இதனால் அவற்றின் நேர்கோட்டு விளைவு ஒவ்வொன்றின் மாறுபாடும் 1.33 மடங்காகிறது, திட்டப்பிழை என்று பார்த்தால் ஏறத்தாழ 15 விழுக்காடு அதிகம். பயப்பட வேண்டிய அளவு அன்று. ஆனால் தடைகள் இன்னும் இறுகி, செய்யத்தக்க பரப்பு மூலைவிட்டத்தை ஒட்டிய ஒடுங்கிய பட்டையாகிவிட்டால் வெப்பநிலை செய்த வேலை எது, நேரம் செய்த வேலை எது என்று பிரிக்கவே முடியாமல் போகும்.

உங்கள் அமைப்பில் ஒரு நல்ல பண்பும் இருக்கிறது. இரண்டு குறிகளையும் கூட்டி ஒரு புதிய காரணியாகவும், கழித்து இன்னொரு காரணியாகவும் எடுத்துக்கொண்டால் அந்த ஏழு புள்ளிகளில் இவ்விரண்டுக்கும் இடையே ஒட்டுறவு பூச்சியமாகிறது. வெளிப்புற ஆறு புள்ளிகளும் அளவுகோலைச் சரிசெய்தால் ஒழுங்கு அறுகோணமாகவே அமைகின்றன. கூட்டல் என்பது கூழ் வாங்கும் மொத்தச் சூட்டின் கடுமை; கழித்தல் என்பது அந்தச் சூட்டை விரைவாகக் கொடுத்தீர்களா, நிதானமாகக் கொடுத்தீர்களா என்பது. ஆலையில் இருப்பவர்களுக்கு இந்த இரண்டும்தான் இயல்பான கேள்விகளாகவும் இருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் நேரத்தை 2.5, 5, 10 என்று இரட்டித்து எடுத்ததும் மிகச் சரி. நேரத்தை மடக்கை அளவில் வைப்பதுதான் சூட்டு வினைகளின் இயல்புக்குப் பொருந்தும்.

பதில் 2: பதப்படுத்தல் பொறியாளர், ஓசூர்

ஆசிரியர் ஐயா சொன்ன கணக்கில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கணக்குக்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும் என்று நினைக்கிறேன். மேடம், நீங்கள் சொன்ன மூன்று தடைகளும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல.

96 டிகிரியில் 10 நிமிடம் என்பது செய்ய இயலாதது. கூழ் சுவரில் பிடித்தால், துடுப்பு சுழலும்போது பழுப்பு ஏடு உரிந்து உள்ளே கலக்கிறது. அதற்குப் பிறகு நிற அளவியில் வைக்கும் மாதிரி கூழின் நிறத்தையா காட்டும், தீய்ந்த ஏட்டின் நிறத்தையா? அளவீடே பொருளற்றதாகிவிடும் இடம் அது. அதை விலக்குவதில் தவறு இல்லை. ஆனால் 80 டிகிரியில் 2.5 நிமிடம் என்பது செய்ய இயலாதது அல்ல, விற்கக் கூடாதது. செய்து, மாதிரி எடுத்து, மீதியை அப்புறப்படுத்திவிட்டால் அது ஒரு நல்ல தரவு. நுண்ணுயிர் எண்ணிக்கை எங்கே எல்லையைத் தாண்டுகிறது என்பதைக் கண்டறிவதுதான் உங்கள் சோதனையின் பாதி நோக்கம். எல்லையைத் தாண்டும் புள்ளியை ஒன்றுகூடச் செய்யாமல் எல்லையை எப்படி வரைவீர்கள்? நான் பார்த்த வரையில், சோதனைத் திட்டத்துக்குத் தடை என்று எழுதி வருபவற்றில் பலவும் 'முடியாது' அல்ல, 'பிடிக்காது' என்ற வகையைச் சேர்ந்தவை. ஒவ்வொரு தடைக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதி, அதைப் போட்டவரோடு உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் வேட்பாளர் பட்டியலைச் சுருக்க வேண்டும்.

இன்னொன்று. தடையின் எல்லைக்கோடு எங்கே போகிறது என்பதும் முக்கியம். மூலைகளை மட்டும் விலக்கியிருக்கிறீர்கள்; 84 டிகிரியில் 3 நிமிடம் கூடுமா, கூடாதா? சூட்டியலில் இசட் மதிப்பு என்று ஒன்றைச் சொல்வோம்: அதே அளவு அழிவுக்குத் தேவைப்படும் நேரம் பத்தில் ஒரு பங்காகக் குறைய வெப்பநிலை எத்தனை டிகிரி உயர வேண்டும் என்பது அது. நுண்ணுயிர் அழிவுக்கு அது பொதுவாக 10 டிகிரியை ஒட்டி இருக்கும்; நிறமும் வைட்டமினும் சிதைவதற்கு 25 டிகிரியும் அதற்கு மேலும் இருக்கும். ஆகவே நேரத்தை மடக்கையில் வரைந்தால் இரண்டு எல்லைகளும் ஏறத்தாழ நேர்கோடுகளாகும், ஆனால் இணைகோடுகளாக இருக்காது. கீழ்ப்புறப் பாதுகாப்பு எல்லை செங்குத்தாகச் சாயும். மேல்புற நிற எல்லை மெதுவாகச் சாயும். அதனால்தான் வெப்பநிலை கூடக்கூட, நேரம் குறையக்குறைய, இரண்டு கோடுகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளி அகலமாகிறது. உங்கள் சிறந்த அமைப்பு 96 டிகிரி, 2.5 நிமிடம் என்ற முனையை ஒட்டி இருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பக்கத்தில் 92 டிகிரி போன்ற இடைப்புள்ளிகளையும் வேட்பாளர்களாகச் சேர்த்துவிடுங்கள். பட்டியல் 19 புள்ளிகளோடு நிற்க வேண்டிய அவசியம் இல்லை.

மேலும், கூழ் 30 டிகிரியிலிருந்து 96க்கு ஏறும் நேரத்தில் வாங்கும் சூடும் கணக்குதான். 2.5 நிமிடம் என்று நீங்கள் எழுதுவது ஏறிய பிறகு வைத்திருக்கும் நேரம் மட்டுமே. ஒவ்வொரு பேட்சுக்கும் வெப்பநிலைப் பதிவை நிமிடத்துக்கு நிமிடம் எடுத்து வையுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஆய்வகப் பொறுப்பாளரிடம் பேசினேன். 80 டிகிரியில் 2.5 நிமிடத்தை ஐந்து லிட்டர் ஆய்வகப் பாத்திரத்தில் செய்து கொட்டிவிட அவருக்குத் தடை இல்லை. பெரிய கெட்டிலில் செய்தால் அடுத்த பேட்சுக்கு முன் குழாய்கள் அனைத்தையும் கிருமிநீக்கம் செய்ய வேண்டிவரும் என்பதுதான் அவருடைய கவலை. பிஎச் 4.2க்கும் அதே காரணம். ஆய்வகப் பாத்திரத்தில் செய்வதைச் சேர்த்துக்கொள்ளலாமா?

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. சிட்ரிக் அமிலத்தை நாங்கள் காலையில் கூழ்த் தொட்டியிலேயே கலந்துவிடுவோம்; ஆகவே ஒரு நாள் முழுவதும் ஒரே பிஎச்தான். ஒரு நாளைக்கு நான்கு பேட்ச் வீதம் ஐந்து நாள் என்று திட்டமிட்டிருக்கிறேன். பழமும் நாளுக்கு நாள் மாறுகிறது. ஒரு நாள் சந்தூர்ப் பக்கத்துப் பழம் வருகிறது, மறுநாள் வேறு தோப்பு, பிரிக்ஸ் (கரைந்த சர்க்கரை) அளவும் அதற்கேற்ப ஏறி இறங்குகிறது.

பதில் 3: வயல் சோதனை அனுபவம் உள்ளவர், பையூர் அருகில்

தொட்டியில் அமிலம் கலப்பது பற்றி நீங்கள் எழுதியதுதான் இந்த இழையில் மிக முக்கியமான செய்தி என்று எனக்குத் தோன்றுகிறது. வேளாண் சோதனை பார்த்தவர்களுக்கு இது பழகிய நிலைமை: நீர்ப்பாசன முறையைப் பாத்திக்குப் பாத்தி மாற்ற முடியாது, ஆகவே அதைப் பெரிய பாத்திக்கு வைத்து, ரகத்தையோ உரத்தையோ அதற்குள் சிறு பாத்திகளுக்கு வைப்போம். பெரிய பாத்தியில் உள்ள காரணிக்கு ஒரு பிழை, சிறு பாத்தியில் உள்ள காரணிக்கு வேறொரு பிழை. உங்கள் நாள்தான் பெரிய பாத்தி. பிஎச் நாளோடு ஒட்டிக்கொண்டால் உங்களிடம் பிஎச் பற்றிய 20 தகவல்கள் இல்லை, ஐந்துதான். அந்த ஐந்தும் ஐந்து நாள் பழத்தின் வேறுபாட்டோடு கலந்திருக்கும். 4.2 வைத்த நாளில் இனிப்பான பழம் வந்து, 3.6 வைத்த நாளில் புளிப்பான பழம் வந்தால், நிறம் மாறியது அமிலத்தாலா பழத்தாலா என்று எந்தப் பகுப்பாய்வாலும் பிரித்துச் சொல்ல முடியாது. இதையும் சேர்க்கைத் தடை என்றே கருத வேண்டும். ஒரே நாளில் இரண்டு பிஎச் கூடாது என்பது நீங்கள் எழுதாமல் விட்ட நான்காவது தடை.

முடியுமானால் சோதனை நடக்கும் ஐந்து நாட்களுக்கு மட்டும் அமிலத்தைத் தொட்டியில் கலக்காதீர்கள். ஒவ்வொரு பேட்சுக்கும் தேவையான சிட்ரிக் அமிலத்தை எடைபோட்டு, சிறிது வெந்நீரில் கரைத்து, கெட்டிலில் ஊற்றிக் கலக்கி, பிஎச் மானியால் பார்த்துவிட்டுச் சூட்டைத் தொடங்குங்கள். கொஞ்சம் கூடுதல் வேலைதான், ஆனால் மூன்று காரணிகளும் ஒரே நாளுக்குள் மாறும். நாள் வெறும் தொகுப்பாக (ஒரே பழத்தில் செய்த பேட்சுகளின் குழுவாக) ஒதுங்கிக்கொள்ளும். நான்கு பேட்சுகளின் வரிசையைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். காலையில் 80, மதியம் 88, மாலையில் 96 என்று ஏறுவரிசையில் செய்வது வசதியாகத் தெரியும். ஆனால் மாலைக்குள் தொட்டியில் காத்திருக்கும் கூழ் தானாகவே கொஞ்சம் கருத்திருக்கும், அந்தக் கருப்பும் 96 டிகிரியின் கணக்கில் ஏறிவிடும்.

இடையில் ஒரு கேள்வி: சிறுதானியத் தின்பண்டம் செய்பவர், அரூர்

இழையைத் திசைதிருப்புவதாக நினைக்க வேண்டாம். நாங்கள் கேழ்வரகு, சாமை, கோதுமை மூன்றையும் கலந்து பிஸ்கட் செய்கிறோம். கேழ்வரகு 50 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது, சாமை 10க்கும் கோதுமை 20க்கும் குறையக்கூடாது. மூன்றும் சேர்ந்து 100. இதுவும் இதே கணக்கா?

பதில்: புள்ளியியல் ஆசிரியர், தருமபுரி

உறவு உண்டு, ஆனால் கலவையில் ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறைந்தே ஆக வேண்டும் என்ற கூடுதல் கட்டு இருப்பதால் சமன்பாட்டின் வடிவமே வேறு. நீங்கள் சொன்னபடி கீழ்வரம்பு மட்டும் இருந்தால் பகிர்ந்தளிக்க மீதி 20 விழுக்காடு இருக்கிறது. செய்யத்தக்க பரப்பு ஒரு சிறிய முக்கோணம். அதன் முனைகள் கேழ்வரகு-சாமை-கோதுமை வரிசையில் 70-10-20, 50-30-20, 50-10-40. முனைகளையும் பக்கங்களின் நடுவையும் மையத்தையும் செய்தால் போதும். கோதுமை 35ஐத் தாண்டக்கூடாது என்று மேல்வரம்பும் வைத்தால் ஒரு முனை வெட்டுப்பட்டு நாற்கரமாகும். 50-10-40 போய், 55-10-35, 50-15-35 என்ற இரண்டு புது முனைகள் வரும். இப்படி வெட்டுப்பட்ட பரப்பின் முனைகளைக் கண்டுபிடித்து அவற்றையே சோதனைப் புள்ளிகளாக வைக்கும் முறையை மெக்லீன், ஆண்டர்சன் இருவரும் 1966இல் வெளியிட்டார்கள். விரிவாகப் பேச வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

இனி மாங்கூழுக்கு வருவோம். ஆய்வகப் பாத்திரத்தில் செய்வதைப் பெரிய கெட்டிலின் தரவோடு ஒரே சமன்பாட்டில் சேர்க்க வேண்டாம். ஐந்து லிட்டர் கூழ் சூடாகும் வேகம் வேறு. பொறியாளர் சொன்ன ஏறுநேரச் சூடு அங்கே மிகக் குறைவு. தடைப்பட்ட மூலைகள் எல்லாவற்றையும் சிறு பாத்திரத்திலும், மற்றவற்றைப் பெரிய கெட்டிலிலும் செய்தால், மூலையின் விளைவும் பாத்திரத்தின் விளைவும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகிவிடும். ஆய்வகச் சோதனையைத் தனியாக, நுண்ணுயிர் எல்லையை அறிவதற்காக மட்டும் செய்யுங்கள். அதில் செய்யத்தக்க அமைப்புகள் இரண்டு மூன்றையும் சேர்த்துக்கொண்டால், இரண்டு பாத்திரங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு எவ்வளவு என்று ஒப்பிட ஒரு பாலம் கிடைக்கும்.

பெரிய கெட்டிலின் 20 பேட்சுகளை இப்படிப் பிரிக்கலாம். ஐந்து நாள், நாளுக்கு நான்கு. இரண்டு நாட்களில் 88 டிகிரி, 5 நிமிடம், பிஎச் 3.9 என்ற மைய அமைப்பை ஒரே நாளுக்குள் இரண்டு முறை செய்யுங்கள். நாளுக்கு ஒரு மையம் என்று பரப்பி வைத்தால் அது நாளுக்கும் நாளுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் காட்டும். ஒரே பழத்தில், ஒரே அமைப்பில் இரண்டு முறை செய்தால்தான் தூய பிழை எவ்வளவு என்று தெரியும். மீதி 16 பேட்சுகளை மென்பொருள் தேர்ந்தெடுக்கட்டும்; நாள்களைத் தொகுப்புகளாகக் கொடுக்க மறக்காதீர்கள். பத்து கெழுக்கள், நாள்களுக்கு நான்கு, ஆக 14 போக 6 மிஞ்சும். அதில் 2 தூய பிழைக்கு, 4 சமன்பாடு பொருந்துகிறதா என்று பார்க்க. தாராளம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நேர்மையான பதில் கிடைக்கப் போதும்.

பகுப்பாய்வு முடிந்து மென்பொருள் வரைந்து தரும் சமநிலைக் கோட்டுப் படத்தைப் பார்க்கும்போது கவனம் தேவை. அது வெப்பநிலை-நேரச் சதுரம் முழுவதையும் வண்ணம் தீட்டிக் காட்டும். நீங்கள் ஒரு பேட்சும் செய்யாத இரண்டு மூலைகளுக்கும் சேர்த்துத்தான். அந்த இடத்தில் இருபடிச் சமன்பாடு எதை வேண்டுமானாலும் சொல்லும். படத்தின் மேல் எல்லைக்கோடுகளை நீங்களே வரைந்து அந்த மூலைகளை மறைத்துவிட்டு நிர்வாகத்திடம் காட்டுங்கள். உகந்த அமைப்பைத் தேடும்போதும் அதே எல்லைகளைக் கொடுங்கள்; விடை எல்லைக்கோட்டின் மேலேயே வந்து உட்கார்ந்தால், கோட்டிலிருந்து ஓரிரு டிகிரி உள்ளே தள்ளி நின்று மூன்று பேட்ச் செய்து உறுதிப்படுத்திய பிறகே உற்பத்திக்குக் கொடுங்கள்.

கேட்டவர்

அமிலத்தைக் கெட்டிலில் கலப்பதற்கு மேலாளர் சம்மதித்துவிட்டார். 92 டிகிரியில் 2.5, 5 நிமிடங்களையும் மூன்று பிஎச் அளவுகளிலும் சேர்த்ததில் வேட்பாளர் பட்டியல் 25 ஆகியிருக்கிறது. ஒரே ஒரு ஐயம். மழைக்காற்று நாட்களில் மின்சாரம் போய் நீராவி அழுத்தம் விழுந்தால், 96 டிகிரிக்குத் திட்டமிட்ட பேட்ச் 93இலேயே நின்றுவிடுவது உண்டு. அந்தப் பேட்சைத் தள்ளிவிடலாமா?

பதில்: புள்ளியியல் ஆசிரியர், தருமபுரி

தள்ள வேண்டாம். 93 என்றே பதிவு செய்து, 93 என்றே சமன்பாட்டில் கொடுங்கள். திட்டத்தில் எழுதிய 96ஐக் கொடுக்காதீர்கள். வெப்பநிலை நிலையாக நிற்காமல் ஏறி இறங்கியிருந்தால் மட்டும் அந்தப் பேட்சை விலக்கி, அதே நாளுக்குள், அதே தொட்டிக் கூழில் மீண்டும் செய்யுங்கள். மறுநாளுக்குத் தள்ளினால் அது வேறு பழம், வேறு தொகுப்பு. விலக்கியதற்கான காரணத்தை, நிற அளவியின் எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே பதிவேட்டில் எழுதிவிடுங்கள்.

பதில் 2: பதப்படுத்தல் பொறியாளர், ஓசூர்

அதற்கு ஒரு துணைக்குறிப்பு. கெட்டிலின் அடியில் ஒன்று, கூழின் நடுவில் ஒன்று என இரண்டு வெப்பமானிகள் வையுங்கள். நீராவி விழும் நேரத்தில் சுவர்ப்பக்கம் 96 காட்டும்போதும் நடுவில் பல டிகிரி குறைவாக இருக்கலாம். சமன்பாட்டுக்குக் கொடுக்க வேண்டியது நடுவில் உள்ள எண். பாதுகாப்பு எல்லையை ஒப்பிட வேண்டியதும் அதே எண்தான்.